விற்காத ஷூ, தேங்கிய அலமாரி: அறிகுறி வாரியாகக் கோளாறு நீக்கும் வழி

அணியாத ஷூக்களை இணையத்தில் விற்று அலமாரியில் இடம் பண்ணலாம் என்று தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விளம்பரம் போடுகிறார்கள், யாரும் வரவில்லை என்றவுடன் விலையைக் குறைக்கிறார்கள், அப்போதும் யாரும் வராவிட்டால் இன்னும் குறைக்கிறார்கள், பிறகு சலித்துப்போய் ஷூவைப் பழையபடி பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். விலை கடைசியாகத் தொட வேண்டியது. ஷூவின் நிலை, படம், அளவு, அசலா போலியா என்ற ஐயம், வாங்குபவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழி ஆகியவற்றில் ஏதோ ஒன்று கோணலாக இருக்கும்போது விலையைப் பாதியாக்கினாலும் ஒன்றும் நகராது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தையும் செய்ய வேண்டியதையும் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், குடியிருப்பு வாட்ஸ்அப் குழு போன்ற இடங்களில் தன் சொந்த ஷூவை விற்கும் தனிநபரே இங்கு மனத்தில் இருக்கிறார்.

அறிகுறி: பார்க்கப் புதிது போலிருக்கிறது, வளைத்தால் சோல் உதிர்கிறது

முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறு இருந்தால் மற்ற அறிகுறிகளுக்கு வைத்தியம் பார்ப்பது வீண். கல்யாணத்துக்கென்று வாங்கி, இரண்டு மூன்று தடவை மட்டும் போட்டு, அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்த கறுப்பு ஃபார்மல் ஷூவை ஐந்தாறு வருடம் கழித்து இன்னொரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால், மண்டபத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் அடிப்பாகம் கறுப்புக் கட்டிகளாகத் தரையெங்கும் சிந்திவிடும். மேல்தோல் பளபளவென்றிருக்கும், தையல் ஒன்றும் விட்டிருக்காது, உள்ளே விலைச்சீட்டுகூட அப்படியே இருக்கும். வாங்கியவர் இதைத் தரக்குறைவு என்று நினைப்பார். உண்மையில் அது அந்தப் பொருளின் இயல்பு.

இத்தகைய சோல்கள் பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் செய்யப்படுகின்றன. எடை குறைவு, மெத்தென்று இருக்கும், நன்றாக உழைக்கும். ஆனால் அதில் பரவலாகப் பயன்படும் எஸ்டர் வகைப் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, அந்த நீரால் தன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல இழக்கிறது. வெப்பமும் புழுக்கமும் கூடும்போது இந்த வினை விரைவாகிறது, எனவே சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இத்தகைய ஷூக்கள் உதிர்வதில் வியப்பில்லை. மூடிய பெட்டியில் ஈரம் தங்கிவிடுவதாலும், நடக்கும்போது சோல் அமுங்கி ஈரம் வெளியேறும் வாய்ப்பு இல்லாமல் போவதாலும், போட்டு நடந்த ஷூவைவிடப் போடாமல் வைத்த ஷூ முந்திக்கொண்டு கெடுவதும் உண்டு. அணியாததால் புதிது என்ற கணக்கு இங்கு எடுபடாது.

சோதனை எளிது. சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மீண்டு எழாமல் பள்ளமாகவே நின்றாலோ, பிசுபிசுப்பாகக் கையில் ஒட்டினாலோ, மயிரிழை விரிசல்கள் தெரிந்தாலோ அந்த ஜோடியை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்து முன்பாதத்தை இரு கைகளாலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரவென்று ஒலி கேட்டால் முடிவு அதேதான். பெட்டியில் விலையோடு ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், நைக்கி, அடிடாஸ் ஷூக்களில் உள்லேபிளிலும் தயாரிப்புத் தேதி இருக்கும். தேதி ஐந்தாண்டுக்கு முந்தையது, சோல் பாலியூரித்தேன் என்றால் சோதனையை இருமுறை செய்யுங்கள். விலை உயர்ந்தவை என்று பெயர் பெற்ற ஏர் ஜோர்டன் 3, ஏர் ஜோர்டன் 4 ரக ஷூக்களின் நடுச்சோலும் இதே பொருள்தான் என்பதால், பத்தாண்டுக்கு முந்தைய ஜோடியைச் சேகரிப்புப் பொருள் என்று மட்டுமே விற்கலாம், அணியத் தக்கது என்று சொல்லக்கூடாது. இவிஏ என்னும் வேறு வகை நுரையால் செய்த சோல் இப்படி உதிராது. அழுந்தித் தட்டையாகும், கெட்டிப்படும், அவ்வளவே.

சோல் உதிர்வதையும் சோல் பிரிவதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விளிம்பில் வாய் பிளந்தது போல் சோல் விலகி, இரு பக்கமும் பொருள் கெட்டியாகவே இருந்தால் அது பசை விட்ட கோளாறு. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஒட்டி, சுற்றிலும் ஒரு தையலும் போட்டுத் தருவார். அந்தத் தையலைப் படத்தில் காட்டி, ஒட்டித் தைத்தது என்று விளம்பரத்தில் எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டு நேரில் காட்டும்போது பேரம் இரண்டு மடங்காகக் கீழே போகும்.

அறிகுறி: திறந்தவுடன் நாற்றம், அல்லது தோலில் வெள்ளைப் பூப்பு

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அலமாரியில் இருந்த தோல் ஷூவில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவது பூஞ்சை. அதை வீட்டுக்குள் தட்டினால் பக்கத்துக் காலணிகளுக்கும் பரவும், ஆகவே மொட்டைமாடியிலோ பால்கனியிலோ வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, பின் வினிகரும் நீரும் சம அளவு கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் மறுபடி துடைத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், பசையும் இளகும். காய்ந்த பிறகு பாலிஷ் போடுங்கள், அதற்கு முன்னால் போட்டால் பூஞ்சையைப் பூசி மூடியதாகத்தான் ஆகும்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதம் படும் உள்தட்டு. கழற்ற முடிந்தால் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுங்கள், மிகவும் தேய்ந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள், செலவு அதிகமில்லை. ஷூவுக்குள் சமையல் சோடாவைத் துணியில் முடிந்து ஓரிரவு வைத்தால் மீதி வாடையும் தணியும். அந்துருண்டை மட்டும் போட வேண்டாம். அந்த வாடை ஏறிய ஷூவை முகர்ந்ததுமே, எத்தனை வருடமாகக் கிடந்ததோ என்று வாங்க வந்தவர் எண்ணத் தொடங்கிவிடுவார். வாஷிங் மெஷினில் போடுவதும் வேண்டாம். துணி மேற்பாகம் வெளுத்து வந்தாலும் பசை தளர்ந்து வரும்.

அறிகுறி: நிறையப் பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை

பார்வை எண்ணிக்கை ஏறி, செய்தி எதுவும் வராவிட்டால், உங்கள் விளம்பரம் தேடலில் வந்துகொண்டிருக்கிறது, திறந்து பார்த்தவரின் கேள்விக்கு விடை மட்டும் இல்லை என்று பொருள். அந்தக் கேள்வி அநேகமாகச் சோலைப் பற்றியது. பழைய ஷூ வாங்குபவர் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தைத்தான், விற்பவரோ மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நான்கு படம் எடுத்துப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். இரு ஷூக்களையும் கவிழ்த்து வைத்து, பட்டைகளின் ஆழம் தெரியும்படி சாய்ந்த ஒளியில் ஒரு படம் எடுங்கள். குதிகாலின் வெளிவிளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பின்னாலிருந்து ஒரு படம், உள்லேபிள் எழுத்துகள் படிக்கும்படி ஒரு படம், இன்சோல் தெரியும்படி ஒரு படம் வேண்டும். கீறலோ கறையோ இருந்தால் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள், குறையின் அளவு புரிந்துவிடும்.

ஒளி காலை வேளையில் ஜன்னலோரம் கிடைப்பதே போதும். இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் வெள்ளை ஷூ நீலம் பூத்துத் தெரியும், மஞ்சளேறிய சோலை மறைக்க முயன்றதாகவும் தோன்றும். வெள்ளை ரப்பர் காலப்போக்கில் மஞ்சளாவது வெயிலாலும் காற்றாலும் நேர்வது, தேய்மானத்தோடு அதற்குத் தொடர்பில்லை. வாங்குபவருக்கு அது தெரியாமல் இருக்கலாம் என்பதால் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. வாசல் மொசைக் தரையில், மற்ற செருப்புகளும் துடைப்பமும் தெரிய எடுத்த படத்தை மாற்றிவிடுங்கள். ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்தாலே படம் துலங்கிவிடும்.

தலைப்பில் நிறுவனம், ரகப் பெயர், யுகே அளவு, ஆண் பெண் என்ற நான்கும் இருக்க வேண்டும். "அருமையான ஷூ விற்பனைக்கு" என்று யாரும் தேடுவதில்லை. ரகப் பெயர் தெரியாவிட்டால் உள்லேபிளில் இருக்கும் குறியீட்டைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தால் கிடைத்துவிடும்.

பார்வையே வரவில்லையென்றால் காரணம் வேறு. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட சோஃபாவுக்குப் பத்துப் பேர் கேட்பார்கள், ஷூவுக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று ஆறுதல் சொல்லும் ஊர் நம்முடையது. பிறர் அணிந்ததை அணிவதில் இருக்கும் தயக்கத்தைத் தள்ளுபடியால் போக்க முடியாது, அந்தத் தயக்கம் இல்லாதவரைத் தேடிப் போவதுதான் வழி. ரகம் அறிந்து வாங்கும் கல்லூரி வயதினர், கால்பந்து ஸ்டட்ஸோ கிரிக்கெட் ஸ்பைக்ஸோ ஒரு பருவத்துக்கு மட்டும் தேவைப்படுகிற விளையாட்டு வீரர்கள், ஒரே ஒரு இமயமலைப் பயணத்துக்காக டிரெக்கிங் பூட்ஸ் தேடுபவர்கள், பிள்ளையின் கால் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று அறிந்த பெற்றோர் ஆகியோர் அப்படிப்பட்டவர்கள். பூட்ஸை மலையேற்றக் குழுவிலும் ஸ்டட்ஸை அந்தந்தப் பகுதி மைதானக் குழுவிலும் போடுங்கள். கறுப்புப் பள்ளி ஷூவை மே மாதக் கடைசியில் போட்டால் பள்ளி திறக்கும் ஜூனுக்குள் போய்விடும். அதையே நவம்பரில் போட்டால் கேட்பாரற்றுக் கிடக்கும்.

அறிகுறி: "அண்ணா, லாஸ்ட் எவ்ளோ?" என்று கேட்டுவிட்டு மறைகிறார்கள்

இது கோளாறே அல்ல என்று எடுத்துக்கொண்டால் பாதித் தலைவலி போகும். ஒரே நேரத்தில் பல விற்பனையாளர்களுக்கு ஒரே செய்தியை அனுப்புபவர்கள் அவர்கள். கடைசி விலையை முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டால் அதற்குக் கீழே ஒரு பேரம் நேரில் நடக்கும், சொல்லாவிட்டால் போய்விடுவார்கள். இதற்கு நான் கண்ட நல்ல பதில், விலையைத் தொடாமல் ஒரு கேள்வி கேட்பது: "வணக்கம் சார், ஷூ யுகே 8. உங்கள் அளவு அதுதானா? இன்று மாலை நேரில் வந்து போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்." அளவைச் சொல்லி மறுமொழி தருகிறவர்தான் வாங்குபவர். மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். "ரெண்டு நாள் வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்பவரிடம், முன்பணம் இல்லாமல் எடுத்து வைப்பதில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் விலையோடு நின்றுவிட்டால் விலையைப் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் வாங்கிய பில்லில் இருக்கும் தொகை வாங்குபவருக்குப் பொருட்டில்லை. அதே ரகம் இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தொலைபேசியில் பார்த்துக்கொண்டேதான் உங்களோடு பேசுகிறார். 5,999 ரூபாய் என்று அச்சிட்ட ஷூ ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கு முந்தைய இணையத் தள்ளுபடியிலோ 2,999-க்குப் புதிதாக வரும்போது, நீங்கள் போட்ட ஷூவை 2,500-க்குக் கொடுப்பது சலுகையாகாது. என் அனுபவ அளவுகோல் இது: போட்டுப் பார்த்ததோடு சரி, பெட்டியும் இருக்கிறது என்றால் இன்றைய தள்ளுபடி விலையில் பாதி, சில மாதம் போட்டது என்றால் மூன்றில் ஒரு பங்கு, சோலில் தேய்மானம் தெரிகிறது என்றால் நூறுகளில்தான் பேச வேண்டும். அதன்மேல் பத்து விழுக்காடு பேரத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். சந்தையில் தேடப்படும் சில அரிய ரகங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை வைத்திருப்பவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அறிகுறி: வந்தவர் போட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று திரும்புகிறார்

இணைய ஷூ விற்பனையில் பேரம் முறிவதற்கு அளவுக் குழப்பத்தைப் போன்ற காரணம் வேறில்லை. இந்தியாவில் கடைகளில் நாம் சொல்லும் எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்பது பிரிட்டிஷ் அளவு, அதாவது யுகே அளவு. ஷூவின் உள்லேபிளிலோ மூன்று நான்கு அளவுகள் வரிசையாக இருக்கின்றன. நைக்கி ஆண்கள் ஷூவில் யுகே 8 என்றால் அதே லேபிளில் யுஎஸ் 9, ஐரோப்பிய அளவு 42.5, சென்டிமீட்டர் 27 என்றிருக்கும். அடிடாஸிலோ யுகே 8 என்பது யுஎஸ் 8.5, ஐரோப்பிய அளவு 42, ஜப்பானிய அளவு 265. ஆக "சைஸ் 9" என்று மொட்டையாகப் போட்ட நைக்கி ஷூவைப் பார்த்து யுகே 9 போடுகிறவர் வண்டி பிடித்து வந்தால், வீட்டு வாசலில் குதிகால் உள்ளே போகாமல் நிற்பார். பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய அளவில் அந்தப் படி 6.7 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால்தான் அரை நம்பர் குழப்பங்கள் வருகின்றன.

ஆகவே லேபிளில் உள்ள எல்லா அளவுகளையும் அப்படியே எழுதுங்கள். அதோடு கழற்றக்கூடிய இன்சோலாக இருந்தால் அதை வெளியே எடுத்து, குதிகால் நுனியிலிருந்து பெருவிரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த மில்லிமீட்டரையும், முன்பாதத்தின் அகலமான இடத்தின் அளவையும் தனியே குறிப்பிடுங்கள். லேபிளில் இருக்கும் சென்டிமீட்டர் பாதத்தின் நீளத்தைக் குறிப்பது, இன்சோல் அதைவிடச் சற்று நீளமாக இருக்கும். எது எந்த அளவு என்று சொல்லாவிட்டால் குழப்பம் மேலும் கூடும். கேட்பவரிடம், அவர் இப்போது வசதியாகப் போடும் ஷூவின் இன்சோலை எடுத்து அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். கால் அளந்து சொல்லுங்கள் என்று கேட்பதைவிட இது நம்பகமானது, ஏனெனில் மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், ஸ்கேலைப் பிடிக்கும் விதமும் ஆளுக்காள் மாறும்.

நீளம் சரியாக இருந்தும் இறுக்குகிறது என்றால் அகலத்தில் இருக்கிறது சிக்கல். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவுக்கென்று தனிக் காலணி அளவை வகுப்பதற்காக 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரிய வந்தது. வெளிநாட்டு அச்சில் செய்த குறுகலான ஷூவை வாங்கும் நம்மவர்கள் அகலத்துக்காக ஒரு நம்பர் கூட்டி வாங்குவது இதனால்தான். உங்கள் அலமாரியில் அணியாமல் கிடக்கும் ஷூக்களில் சிலவும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான் கிடக்கின்றன. ஆகவே "எனக்கு முன்பக்கம் இறுக்கியதால் விற்கிறேன், ஒல்லியான பாதம் உள்ளவருக்குப் பொருந்தும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். விற்பதற்கான காரணம் தெரிந்த ஷூவின் மேல் சந்தேகமும் குறையும்.

அறிகுறி: "ஒரிஜினலா?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் நம்புவதில்லை

சந்தையில் போலிகள் அத்தனை இருக்கின்றன, கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கடை பில் இருந்தால் அதன் படம் போதும், இணையத்தில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர் பக்கத்தைப் படமெடுத்து முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டுக் காட்டலாம். இரண்டும் இல்லாவிட்டால் உள்லேபிளைக் காட்டுங்கள். நைக்கி லேபிளில் சிடபிள்யூ2288-111 என்பது போல ஆறு எழுத்தெண்களும் அதன்பின் ஒரு கோடும் மூன்று இலக்கங்களும் கொண்ட குறியீடு இருக்கும், அதைத் தேடினால் வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 வர வேண்டும். தேடலில் வரும் ரகமும் நிறமும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் அது போலி. ஒத்துப்போவதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, ஏனெனில் போலி செய்பவர்கள் குறியீட்டையும் பிரதியெடுக்கிறார்கள். பெட்டிச்சீட்டின் குறியீடும் இரு ஷூக்களின் லேபிள்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

உங்களுக்கே ஐயம் இருந்தால் அந்த ஷூவை விற்காதீர்கள். "ஃபர்ஸ்ட் காப்பி" என்று நேர்மையாகப் போட்டுவிட்டால் தப்பில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி போலிச் சின்னம் பொறித்த பொருளை விற்பது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அறிகுறி: பேரமே பேசாமல் பணம் அனுப்புகிறேன் என்கிறார்

இந்த அறிகுறி தென்பட்டால் மகிழாதீர்கள், உஷாராகுங்கள். பழைய ஷூவைப் பார்க்காமல், அளவு கேட்காமல், சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்பவர் அநேகமாக ஷூவுக்காக வந்தவர் அல்லர். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், நேரில் வர முடியாததால் ஆள் அனுப்புவதாகவும் சொல்லி, அடையாள அட்டைப் படம் ஒன்றையும் அனுப்புவது பழகிய பாணி. அடுத்து ஒரு கியூஆர் குறியீடு வரும், "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், பணம் வந்துடும்" என்பார். யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண்ணும் இட வேண்டியதில்லை. பின் எண் கேட்கப்படுகிறது என்றாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யுபிஐ செயலியில் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டாலும், கியூஆர் வழியாக ஏமாற்றுவது நிற்கவில்லை.

இன்னொரு வகையில், 1,500 ரூபாய்க்குப் பதில் 15,000 தவறுதலாக வந்துவிட்டதாக வங்கிச் செய்தி போன்ற ஒன்று வரும், மீதியைத் திருப்பி அனுப்பும்படி பதற்றத்தோடு அழைப்பும் வரும். அந்தச் செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருக்கும். பணம் செலுத்திவிட்டதாக அனுப்பப்படும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பின்னரே ஷூவைக் கொடுங்கள். பார்சல் காப்பீடு, வாகனப் பதிவு என்று விற்பவரிடமே கட்டணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன்னால் சொன்னால்தான் அதை முடக்க முடியும்.

நேரில் கொடுக்கும்போது குடியிருப்பின் காவலாளி இருக்கும் வாயில் அல்லது மெட்ரோ நிலைய முகப்பு போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடம் போதும். வீட்டுக்குள் அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும் பண்பு நல்லதுதான், அறிமுகமில்லாதவரிடம் அது தேவையில்லை.

அறிகுறி: வெளியூருக்கு விற்றால் கூரியர் செலவு லாபத்தைத் தின்றுவிடுகிறது

ஒரு ஜோடி ஓட்ட ஷூவின் எடை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும், கூரியர் அலுவலகத்திலோ இரண்டரை கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள். பொருளின் எடையையும் பெட்டியின் கன அளவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவது அவர்கள் வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. ஷூப்பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து 36, 24, 15 என்ற அளவில் அனுப்பினால் 12,960-ஐ 5,000-ஆல் வகுக்க 2.6 கிலோ ஆகிறது. ஷூப்பெட்டியைத் தவிர்த்து, ஒரு ஷூவின் குதிகாலும் மற்றதன் முனையும் அருகருகே வரும்படி தலைமாற்றி வைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, 32, 20, 11 அளவுப் பெட்டியில் கட்டினால் 1.4 கிலோதான். சேகரிப்பாளர்கள் கேட்கும் விலை உயர்ந்த ஜோடிக்கு மட்டும் மூலப் பெட்டியோடு அனுப்புங்கள், மற்றவற்றுக்கு அது வீண் செலவு.

மதுரைக்கோ கோவைக்கோ என்றால் ஸ்பீட் போஸ்ட், தனியார் கூரியர், ஆம்னி பஸ் பார்சல் மூன்றின் கட்டணத்தையும் விசாரித்துவிட்டு, அந்தத் தொகையை விலையோடு கலக்காமல் தனியாகச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன் சோலையும் லேபிளையும், கட்டி முடித்தபின் முகவரிச் சீட்டையும் தொடர்ச்சியாக ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டால், வேறு ஷூ வந்தது, சோல் பிரிந்து வந்தது போன்ற தகராறுகளுக்குப் பதிலாகும். எண்ணூறு ரூபாய்க்குக் குறைந்த ஷூவை வெளியூருக்கு அனுப்பும் முயற்சியே வேண்டாம் என்பது என் கருத்து.

அறிகுறி: ஷூக்கள் போகின்றன, அலமாரி மட்டும் காலியாகவில்லை

விற்பனைக்கு என்று ஒதுக்கிய ஜோடிகளை அலமாரியிலேயே வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். விளம்பரம் போட்ட அன்றே அவற்றை ஒரு பையில் போட்டு வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், காலியான தட்டை அப்படியே விடுங்கள். காலிப் பெட்டிகளையும் கணக்கெடுங்கள். ஷூ போன பிறகும், மறுவிற்பனைக்கு ஆகும் என்று சேர்த்து வைத்த பெட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். விலை உயர்ந்த ரகம் எதுவும் வீட்டில் இல்லையென்றால் பெட்டிகளை இன்றே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கெடு வையுங்கள். ஒரு மாதம் என்பது என் கெடு. அதற்குள் படம், தலைப்பு, குழு, விலை என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமல் போகும். கெடு தாண்டியும் நிற்கிற, ஆனால் போடத் தக்க நிலையிலுள்ள ஷூவைக் கொடுத்துவிடுவதே சரி. வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி, அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரிடம், அளவைச் சொல்லி, வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். கேட்காமல் கையில் திணிப்பது மரியாதையாகாது. 1999-இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் போன்ற அமைப்புகள் பயன்படுத்தத் தக்க பொருள்களைச் சேகரித்துத் தேவைப்படும் இடங்களுக்கு அனுப்புகின்றன. மும்பையிலுள்ள கிரீன்சோல் பழைய விளையாட்டு ஷூக்களைப் பிரித்துச் செருப்புகளாக மாற்றித் தருகிறது. சோல் உதிர்ந்தவற்றை இவர்களுக்கும் அனுப்பக் கூடாது. அவற்றிலிருந்து லேஸையும் நல்ல இன்சோலையும் எடுத்துக்கொண்டு, மீதியை உலர் கழிவில் சேர்த்துவிட வேண்டியதுதான். கொடுக்கும் ஜோடிகளை இடம் வலம் பிரிந்துவிடாமல் லேஸால் ஒன்றாக முடிந்து, அளவை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து அனுப்புங்கள்.